மலை வண்டி என்றால் சத்தம் போடத்தான் செய்யுமா?

கேத்திவாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மலையில் ஓடுகிற வண்டி சத்தம் போடத்தான் செய்யும், வாரண்டி என்று ஷோரூமில் போய் நிற்பது வீண் வேலை" என்கிறார். இப்படிச் சொல்லிச் சொல்லியே நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

என்னுடையது 14 மாதப் பெட்ரோல் கார், 11,000 கிலோமீட்டர் ஓடியது. காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தால், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போலக் கடகடவென்று ஐந்தாறு விநாடி. அப்புறம் அடங்கிவிடும். ஷோரூம் கீழே. மூன்று தடவை கொண்டுபோனேன். மலை இறங்கிப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று, இன்ஜின் நன்றாகச் சூடேறி இருக்கும். பானெட்டைத் திறந்து கேட்டுவிட்டு, வண்டியின் குறையை எழுதும் ஜாப் கார்டில் "குறை இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள், மூன்று தடவையும்.

நாலாவது தடவை முந்தின நாள் சாயங்காலமே வண்டியை அங்கே விட்டேன். மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் படுத்து, காலையில் ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றேன். சர்வீஸ் அட்வைசர் கையிலேயே சாவியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கடகடகட. அவர் ஒன்றும் பேசவில்லை. இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை வாரண்டியிலேயே மாற்றினார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காட்டினால்தான் வேலை நடக்கும்.

குன்னூர் பட்டறை:
தம்பி, சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. பர்லியார் ஏற்றத்தில் எந்த கியரில் வருகிறீர்கள்? 22 வருடமாக இந்த மலையில் இன்ஜின் பிரிக்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. மூன்றாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு வருவார்கள், வண்டி திணறும். ஆயில் பம்ப் இன்ஜினோடு சுற்றுவது. சுற்று குறைந்தால் ஆயில் அழுத்தமும் குறையும். அந்த அழுத்தத்தில்தான் டென்ஷனர் செயினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஷோரூம்காரனைக் குற்றம் சொல்லும் முன் கியரைச் சொல்லுங்கள்.

கேத்திவாசி:
அண்ணே, சத்தம் வந்தது நின்ற வண்டியில். நியூட்ரலில். கியருக்கும் அதற்கும் என்ன? ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன், வளைவில் பெரும்பாலும் இரண்டாம் கியர்தான்.

குன்னூர் பட்டறை:
"பெரும்பாலும்". இந்த ஒரு வார்த்தை போதும்.

லவ்டேல் 43:
எனக்கும் இதே பிரச்சினைதான். ஏற்றத்தில் அழுத்தினால் டிங் டிங் என்று வரும். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம். மேலே காற்று மெல்லிசு, அதனால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி எரிந்து தட்டுகிற சத்தம்) அதிகம் என்று ஷோரூமிலேயே சொன்னார்கள்.

அடிவாரம்:
இது தலைகீழ். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத வண்டிக்கு உள்ளே போகிற காற்றே குறைவு. இழுவை குறையும், நாக்கிங்கும் குறையும். எத்தனால் கலந்தால் நாக்கிங்கைத் தடுக்கும் ஆக்டேன் அளவு ஏறும், இறங்காது. மலையைக் காரணம் காட்டி ஷோரூம் சொன்னது சாக்கு.

லவ்டேல் 43:
கீழே உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மலைப் பாடம் எடுக்கிறீர்களா? நியூட்ரலில் இறங்கி, பிரேக் புகைந்து, பர்லியாரில் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்பது யார் வண்டி? 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்தும் நீங்கள் திருந்தவில்லை.

அடிவாரம்:
நான் சுற்றுலா வருகிறவன் இல்லை. உங்கள் கேரட்டையும் முட்டைக்கோஸையும் 15 வருடமாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறவன். ராத்திரி இரண்டு மணிக்கு, மூடுபனியில். எனக்கு இ-பாஸ் பாடம் வேண்டாம்.

குன்னூர் பட்டறை:
லாரிக்காரருக்குத் தெரியும், கேளுங்கள். ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி ரோட்டில் 36 வளைவு. மூன்றாம் கியரில் ஏறிப் பார்க்கட்டும். கேத்திவாசி தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. "பெரும்பாலும்" என்றால் 14-ல் எத்தனை?

கோத்தகிரி தேயிலை:
பட்டறை அண்ணனுக்கு ஒன்று. என் அண்ணன் வண்டிக்கு உங்களிடம் ஆயில் மாற்றிய மறுநாள் காலையில்தான் இதே கடகட சத்தம் தொடங்கியது. வேறு இடத்தில் பிரித்துப் பார்த்தால் ஃபில்டர் போலி. உள்ளே ராத்திரி ஆயில் வடியாமல் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வே இல்லை. காலையில் ஆயில் மேலே ஏறும்வரை செயின் சும்மா அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கும் கியரா?

குன்னூர் பட்டறை:
ரசீது இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் என் பேரைக் கெடுக்காதீர்கள். ஃபில்டரை நான் கடையில் வாங்கிப் போடுகிறேன், தயாரிப்பதில்லை. வாரண்டி இருக்கிறவரை ஷோரூம், முடிந்த மறுநாள் என் பட்டறை வாசல். ராத்திரி பத்து மணிக்கு டால்பின் நோஸ் ரோட்டில் வண்டி நின்றால் எந்த ஷோரூம்காரன் வருகிறான்? நான்தான் டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன். அப்படிப்பட்ட என்னைப் போலி என்கிறீர்கள்.

கோத்தகிரி தேயிலை:
ரசீது நீங்கள் கொடுத்தால்தானே இருக்கும்?

கேத்திவாசி:
பேச்சு எங்கேயோ போகிறது. மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதையும் சொல்கிறேன். மூன்றாவது ஜாப் கார்டோடு நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் ஊட்டி நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் கொடுத்து வாங்கிய வண்டிக்கு வழக்குக் கட்டணம் 200 ரூபாய். ஜாப் கார்டில் "சத்தம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "ராத்திரி முழுக்க நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் ஐந்து விநாடி" என்று எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

குன்னூர் பட்டறை:
சட்டமெல்லாம் சரி. உங்கள் டென்ஷனர் போனது ஓட்டிய விதத்தில். ஷோரூம்காரனுக்கு அது தெரியும், சண்டைக்குப் பயந்து மாற்றிக் கொடுத்துவிட்டான்.

கேத்திவாசி:
மாற்றி ஏழு மாதம் ஆகிறது. அதே ஏற்றம், அதே ஆள், அதே கியர். இன்று காலை தோட்டத்தில் உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. ஸ்டார்ட் செய்தேன், ஒரு சத்தம் இல்லை.

லவ்டேல் 43:
என் டிங் டிங்குக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

குன்னூர் பட்டறை:
அதே கியர் என்றால் எந்த கியர்?