உச்சிக்கிளையில் யாரைச் சந்தித்தீர்கள்?

அட்லாண்டா, ஜார்ஜியா

கயிறு கட்டி மரம் ஏறுகிற ஆட்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒரே ஒரு கேள்வி: மேலே போனபோது யாரைச் சந்தித்தீர்கள்? மனம் லேசானது, காற்று சுகமாக வீசியது என்பதெல்லாம் வேண்டாம். ஆளோ அணிலோ குளவியோ, நேருக்கு நேர் பார்த்ததை எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். இந்த விளையாட்டுக்கு அட்லாண்டாதான் தாய்வீடு. மரம் கழிக்கும் தொழிலில் இருந்த பீட்டர் ஜென்கின்ஸ் 1983இல் இங்கே ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். தொழிலாளிகளின் கயிறும் ஹார்னெஸும் (இடுப்பையும் தொடையையும் தாங்கும் பட்டை) முடிச்சுகளும் பொழுதுபோக்குக்காரர்கள் கைக்கு வந்தது அப்படித்தான். முள் பதித்த பூட்ஸை மட்டும் நாங்கள் தொடுவதில்லை. அது பட்டையைத் துளைத்து உள்ளே இருக்கும் பச்சைத் தசையைக் காயப்படுத்தும். வெட்டிச் சாய்க்கப்போகிற மரத்துக்குத்தான் அது சரி.

நாங்கள் ஏறியது நண்பர் வீட்டுப் பின்புறத்து வெள்ளை ஓக். ராத்திரி மேலேயே தங்குவதாகத் திட்டம். இதற்கென்றே ட்ரீபோட் என்று ஒன்று விற்கிறது. நான்கு மூலைகளையும் தனித்தனிக் கிளைகளில் நாடா போட்டு இழுத்துக் கட்டும் துணிப் படுக்கை. சாதாரணத் தூளி நடுவில் குழியும், இது தட்டையாக நிற்கும். படுத்த பிறகும் ஹார்னெஸைக் கழற்றக் கூடாது, மேல் கிளையிலிருந்து வரும் கயிறு இடுப்பிலேயே இருக்க வேண்டும். புரண்டு படுக்கும்போதெல்லாம் கேரபினர் (கயிற்றை மாட்டும் இரும்புக் கொக்கி) விலாவில் குத்தும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நள்ளிரவுக்கு மேல் துணியில் தொப்பென்று ஏதோ விழுந்தது. காய்ந்த கொப்பாக இருக்கும் என்று தலைவிளக்கைச் சிவப்பு வெளிச்சத்தில் போட்டால், கால்மாட்டில் ஒரு பறக்கும் அணில். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம், முகத்தில் பாதி கண்தான். இந்தப் பக்கத்து ஓக் தோப்புகளில் இவை நிறையவே உண்டு. இருட்டிய பிறகுதான் நடமாட்டம் என்பதால் கீழே இருப்பவர்கள் பார்ப்பது அபூர்வம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து மரம்விட்டு மரம் மிதந்து போகும். அடிமரத்தில் ஒட்டியதும் சட்டென்று மறுபக்கம் ஓடிவிடும், ஆந்தை பின்தொடர்ந்து வந்தால் தப்பிப்பதற்காக. அதன் வழியில் போய் நான் படுக்கை விரித்திருக்கிறேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு நாடா மேலேயே ஓடிக் கிளைக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஆந்தையும் கூப்பிட ஆரம்பித்தது. அணிலின் கதி தெரியாது.

யூஜீன், ஆரிகன்

அண்ணா, உங்களைத் தேடி அணில் வந்தது. நாங்கள் தேடிக்கொண்டு போனோம்.

இங்கே மரம் என்றாலே டக்ளஸ் ஃபிர்தான். முதிர்ந்த காட்டில் 60, 70 மீட்டர் சாதாரணம். முதல் நல்ல கிளையே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் இருக்கும். உங்கள் ஓக்கில் செய்கிற மாதிரி கயிற்றை இரட்டையாகப் போட்டு ஏறினால் ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும், தோள் கழன்றுவிடும். அதனால் ஒற்றைக் கயிறு. கயிறு அசையாமல் தொங்கும், நாம் காலிலும் கையிலும் கயிற்றைக் கவ்வும் ஏறுபிடி மாட்டிக்கொண்டு காலால் உந்தி உந்திப் போகலாம்.

தேடிப் போனது ரெட் ட்ரீ வோல் என்ற குட்டி எலி வகையை. பிறப்பு, வளர்ப்பு, சாவு எல்லாம் மரத்தின் மேலேயே. சாப்பாடு ஃபிர் மரத்தின் ஊசியிலை. ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் பிசின் ஓடுகிற மெல்லிய நரம்பு இருக்கும். கசக்குமோ என்னவோ, அதை மட்டும் பல்லால் உரித்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தின்னும். உரித்ததையும் வீணாக்காமல் கூட்டுக்குள் மெத்தையாகப் போட்டுக்கொள்ளும். அந்த நார் பச்சையாக இருந்தால் உள்ளே குடியிருப்பு இருக்கிறது, பழுப்பாக இருந்தால் காலி செய்துவிட்டுப் போயாகிவிட்டது. அமெரிக்க அரசின் 1994ஆம் ஆண்டு வடமேற்கு வனத் திட்டத்தையொட்டி வந்த விதிகளால் இந்த எலிக்கு ஒரு மரியாதை உண்டு. தேசிய வனங்களில் மரம் வெட்ட ஏலம் விடும் இடத்தில் குடியிருப்புள்ள கூடு கிடைத்தால், அதைச் சுற்றி 10 ஏக்கரையாவது தொடாமல் விட வேண்டியிருக்கும். அதனால் பொழுதுபோக்குக்கு ஏறுகிறவர்கள் சிலர் ஓய்வு நாளில் கூடு தேடுகிறார்கள். எனக்கு இதில் இரட்டை லாபம். சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

கூடு, கிளை பிரிகிற இடத்தில் குப்பைக் குவியலாகத்தான் தெரிந்தது. விரல் நுனியால் ஒரு பிடி நாரை எடுத்துப் பார்த்தேன், பளிச்சென்று பச்சை. நான் பையைத் திறந்து குறிப்பெடுக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் வெளியே தலையை நீட்டினார். செம்பட்டை ரோமம், மினுங்குகிற மணிக்கண். அசையாமல் இருந்தேன். உள்ளே போனார், மறுபடி வந்தார், ஒரு இலையைக் கடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் ஒரு ஆளே இல்லை அவருக்கு.

வசந்தத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆந்தைகளும் மார்பில்டு முர்ரெலெட் பறவைகளும் கூடு வைக்கும் காலம் அது. முர்ரெலெட் ஒரு கடல்பறவை. மீன் பிடிப்பது பசிபிக்கில், முட்டையிடுவது காட்டுக்குள் பாசி படர்ந்த பெரிய கிளையில். இது எங்கே முட்டையிடுகிறது என்று வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. வட அமெரிக்காவில் முதல் கூடு தெரியவந்ததே 1974இல்தான். கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில் மரவேலைக்காக ஏறிய ஒருவர் கண்டார். அந்த மாதங்களில் வேறு மரம் பாருங்கள்.

பெர்த், ஆஸ்திரேலியா

எங்கள் பக்கம் கயிறும் இல்லை, ஹார்னெஸும் இல்லை. பெம்பர்ட்டன் ஊரில் க்ளாஸ்டர் மரம் என்று ஒரு கர்ரி மரம், யூகலிப்டஸ் இனம். 1947இல் காட்டுத்தீயைக் கண்காணிப்பதற்காக அடிமரத்தைச் சுற்றி இரும்புக் கம்பிகளை அடித்து ஏற்றி, 50 மீட்டருக்கு மேல் ஒரு மேடை கட்டினார்கள். 1988இல் பக்கத்துக் காட்டில் டேவ் எவன்ஸ் பைசென்டெனியல் மரத்திலும் அப்படியே செய்தார்கள், அதில் மேடை 65 மீட்டரில். தீ பார்க்க விமானம் வந்துவிட்டது, மரங்கள் சுற்றுலாக்காரர்களுக்கு என்று ஆகிவிட்டன. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே தரை தெரியும். பராமரிப்புக்காக மூடிவைப்பதும் உண்டு, கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சந்தித்தது யாரை என்றுதானே கேட்டீர்கள்? இறங்கி வந்த ஒரு அம்மாவை. பாதி உயரத்தில் நான் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மேலேயிருந்து ஒரு ஜோடி பழைய கான்வாஸ் ஷூ இறங்கி வருகிறது. ஒருவர் போகிற அகலம்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "நீங்கள் மரத்தோடு ஒட்டி நில்லுங்கள், நான் வெளிப்பக்கமாக வருகிறேன்" என்றார். எனக்கு வாயில் ஈரமே இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் தோளுக்கு மேல் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து, காலை மாற்றி வைத்து, கீழே போய்க்கொண்டே "மேலே போய் வலது பக்கம் பாருங்கள், நல்ல காட்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே போனேன். வலது பக்கம் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அவருடைய ஷூ நினைவிருக்கிறது.

கீழே வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் பச்சைக் கிளிகள், கழுத்தில் மஞ்சள் வளையம். இந்தப் பக்கம் அதற்குப் பெயரே 'இருபத்தெட்டு'. கூப்பிடுகிற சத்தம் 'ட்வென்ட்டி எய்ட்' என்று கேட்குமாம்.

சியாட்டில், வாஷிங்டன்

சின்ன அனுபவம்தான். இங்கே ஈரக் காட்டில் பெரிய இலை மேப்பிள் மரங்களில் கிளை முழுக்கப் பாசி, ஒரு சாணுக்கு மேல் கனம். கயிறு போட இடம் பார்ப்பதற்காகப் பாசியை விலக்கிக் கையை விட்டபோது உள்ளே வேர்கள். வேறு ஏதோ ஒட்டுச்செடியின் வேர் என்று நினைத்தேன். இல்லை, அந்த மேப்பிளின் வேரேதான். தன் கிளையில் சேர்ந்த மக்கிலிருந்து சத்தையும் நீரையும் எடுக்க மரம் கிளையிலேயே வேர் விடுகிறது. இதை எழுதி உலகுக்குச் சொன்னவர் மர உச்சிகளை ஆராயும் விஞ்ஞானி நளினி நட்கர்னி. இந்தியத் தகப்பனாரின் மகள். 1981இல் 'சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வந்தது. 2015இல் இந்த மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பக் காட்டில் கயிறு கைவிட்டு சுமார் 15 மீட்டர் விழுந்தார். பிழைத்து வந்து மறுபடியும் காட்டுக்குப் போனார்.

பாசியை விலக்கினால் திரும்ப மூடிவிடுங்கள். கிழிந்த இடம் பழையபடி ஆக வருஷக்கணக்கில் ஆகும்.

ராலே, வட கரோலினா

நாங்கள் ஏறுவதைவிடக் கட்டுவதில் பைத்தியமானவர்கள். துலிப் பாப்லரில் ஊஞ்சல், இரண்டு மரத்துக்கு நடுவே கயிற்றுப் பாலம், மேலே தேநீர் ஏற்ற ஒரு வாளிக் கப்பி. ஊஞ்சலின் தொங்கல் 20 மீட்டர். பூங்கா ஊஞ்சல் போய்த் திரும்ப மூன்று விநாடி என்றால் இது ஒன்பது விநாடி. வேகத்தை விட அந்த மெதுவான திரும்பல்தான் வயிற்றைப் பிசையும்.

பாலம் கட்டுகிறவர்கள் கயிற்றை வீணைத் தந்தியாக முறுக்கிக் கட்டாதீர்கள். நடுவில் ஆள் தொங்கும்போது இரு பக்கக் கயிறுகளுக்கு இடையே கோணம் 120 பாகை என்றால் ஒவ்வொரு பக்கமும் அவருடைய முழு எடையைத் தாங்கும். 170 பாகை ஆனால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. தொய்வு பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். ஊஞ்சலிலும் அப்படித்தான், கயிற்றைக் கிடையாக இழுத்து விட்டால் அடியில் வரும்போது கிளை மேல் மூன்று மடங்கு எடை விழும்.

சந்திப்பு? பக்கத்து வீட்டுப் பாட்டி. நாங்கள் மேலே இருப்பதைப் பார்த்து மரத்தை வெட்டுகிறோம் என்று நினைத்துக் கோபமாகக் குடையோடு வந்தார். ரம்பம் இல்லை, விளையாட்டுதான் என்று சொன்னதும் இன்னும் கோபம்: "இந்த வயதிலா?" அப்புறம் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். என் மகள் ஆடும்போது "எட்டு, ஒன்பது" என்று உரக்க எண்ணியது அவர்தான்.

திருச்செந்தூர்ப் பக்கம்

கூலி இல்லாமல் மரம் ஏறுகிறீர்கள், அதற்கு நீங்களே காசும் செலவழிக்கிறீர்கள்! அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்துக்கொண்டே இருக்கிறார். அவர் பனை ஏறியவர். சீசனில் ஒரே பனைக்குக் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். காலில் தளைநார், நெஞ்சைப் பட்டையோடு அணைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஹார்னெஸ் எல்லாம் இல்லை. அவருடைய சந்திப்பு மரநாய். விடியற்காலையில் மேலே போனால் சுண்ணாம்பு தடவிய கலயத்துக்குள் மூஞ்சியை விட்டுப் பதநீர் குடித்துக்கொண்டிருக்குமாம். "அதை விரட்டினால் எம்மேல பாயும், விரட்டாட்டா பதநீர் போகும், என்னல செய்ய?" என்கிறார்.

ஒரு சந்தேகம். அவ்வளவு உயரக் கிளைக்கு முதல் கயிறு எப்படிப் போகிறது? யார் ஏறிக் கட்டுவது?

யூஜீன், ஆரிகன்

யாரும் ஏற வேண்டாம், தம்பி. ஈயமணி நிரப்பிய சின்னப் பை, 300 கிராம் இருக்கும். அதில் மெல்லிய வழுக்கும் நூலைக் கட்டி எறிவோம். கை எட்டாத உயரத்துக்கு ஆளுயரக் கம்பின் முனையில் பொருத்திய பெரிய உண்டிவில் இருக்கிறது. நூல் கிளையைத் தாண்டி இறங்கியதும் அதன் முனையில் ஏறுகயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கிளை பச்சையாக, தொடைப் பருமனாவது இருக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பார்ப்போம். ஒடிவதானால் நாம் தரையில் இருக்கும்போதே ஒடியட்டும். அப்போதும் ஹெல்மெட்டோடு, கிளைக்கு நேர் கீழே நிற்காமல்.

மரநாய்க் கதையை அப்பாவிடம் இன்னும் கேட்டு எழுதுங்கள். அது ஒருநாளாவது பாய்ந்ததா?