மறு: எல்லா அஞ்சல் செயலியிலும் ஒழுங்காகத் தெரிய – ‘கடைமடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

மின்னஞ்சலை எல்லா அஞ்சல் செயலியிலும் ஒழுங்காகத் தெரியும்படி வடிவமைப்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்திருக்கும் சொற்கள் ஒருசீர்க் காட்சி, சமத்தோற்றம், மாறாக் காட்சி, பல்செயலி இசைவு. நான்கிலும் இலக்கணக் குறை இல்லை, காதுக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடைசிச் சொல்லைத் தவிர மற்ற மூன்றும் நடக்காத ஒன்றுக்கு வாக்குக் கொடுக்கின்றன. எச்டிஎம்எல் மின்னஞ்சல், அதாவது இணையப் பக்கம் போலப் படமும் நிறமும் சேர்த்து அமைக்கிற அஞ்சல், எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி தெரியாது, தெரிய வைக்கவும் முடியாது. இதைத் தொழிலாகச் செய்கிற யாரும் அப்படி ஒரு குறிக்கோளை வைத்துக்கொள்வதில்லை. செய்யாத வேலைக்கு நாம் ஏன் பெயர் வைக்க வேண்டும்?

இணையப் பக்கம் என்றால் நாலைந்து உலாவிகளில் பார்த்தால் வேலை முடிந்தது, அவையும் ஏறக்குறைய ஒரே தரத்துக்கு வந்துவிட்டன. அஞ்சல் கதை வேறு. விண்டோஸ் அவுட்லுக் தன் 2007 பதிப்பில், எச்டிஎம்எல்லைக் காட்டும் பொறுப்பை இன்டர்நெட் எக்ஸ்புளோரரிடமிருந்து எடுத்து வேர்டிடம் கொடுத்தது. கடிதம் தட்டச்சு செய்வதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அன்றிலிருந்து அஞ்சலைக் காட்டுகிறது. தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் நிரலில் கொடுத்த பின்னணிப் படம் அதில் வராது, வளைந்த மூலை வராது, மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) என்றால் அதற்குத் தெரியாது. அஞ்சல் வடிவமைப்பவர்கள் இன்னமும் டேபிளுக்குள் டேபிள் வைத்துக் கட்டுவதும், அகலத்தை 600 பிக்சலோடு நிறுத்திக்கொள்வதும், நடையை (ஸ்டைல், அதாவது நிறம், அளவு போன்ற கட்டளைகளை) ஒவ்வொரு குறிச்சொல்லுக்குள்ளும் தனித்தனியாக எழுதுவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். புதிய அவுட்லுக் இணைய நிரலின் மேல் கட்டப்பட்டது, உண்மைதான், ஆனால் பழையது எத்தனையோ அலுவலக மேசைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஜிமெயிலை எடுத்துக்கொண்டால், தலைப்பகுதியில் எழுதிய ஸ்டைலையும் திரை அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவரியையும் 2016 செப்டம்பரில்தான் அது முறையாக ஏற்றுக்கொண்டது. இப்போதும் ஜிமெயில் செயலிக்குள் வேறொரு நிறுவனத்தின் கணக்கைச் சேர்த்துப் படிப்பவருக்கு அந்த ஸ்டைல் பகுதி போய்ச் சேராது. ஆப்பிள் மெயில், சஃபாரி உலாவியின் காட்சிப் பொறியான வெப்கிட்டில் ஓடுவதால் கொடுத்ததை ஏறக்குறைய எல்லாம் காட்டும். அப்புறம் இருள் பயன்முறை என்று ஒன்று வந்து, சில செயலிகள் நம்மைக் கேட்காமலே நிறத்தைத் தலைகீழாக்குகின்றன.

ஆக, செய்கிற வேலை என்ன? வசதி மிகக் குறைந்த செயலியிலும் படிக்க வேண்டியது படிக்கக் கிடைக்க வேண்டும், வசதி கூடக்கூட அழகு கூடிக்கொண்டே போகலாம். இவ்வளவுதான். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள் என்பது செய்திதான், ஆனால் காவிரிப் பாசனத்தின் கோடியில், தலைஞாயிற்றிலும் பேராவூரணியிலும் இருப்பவர் கேட்பது கடைமடைக்கு, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்களுக்கு, எப்போது வரும் என்பதை. கல்லணையில் நாலாகப் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி என்ற சிறு வாய்க்காலாகி, கடைசி வயலுக்கு ஏறினால்தான் திறந்ததற்கு அர்த்தம். தலைமடைக்காரர் வயல் நிறைவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அது தானாக நிறையும்.

அதனால் என் பரிந்துரை: வசதி மிகக் குறைந்த செயலி கடைமடைச் செயலி. அதில் அஞ்சல் எப்படித் தெரிகிறதோ அது கடைமடைத் தோற்றம். அங்கிருந்து தொடங்கி மேலே கட்டிக்கொண்டு வருவது கடைமடை வடிவமைப்பு. ஆப்பிள் மெயில் போன்றதைத் தலைமடைச் செயலி என்றால் இணைச் சொல்லும் கிடைத்துவிடுகிறது. ஒரே வேரிலிருந்து நான்கு சொல் வருவது ஒரு தனிச் சொல்லைக் கண்டுபிடிப்பதைவிடப் பயன் என்று நினைக்கிறேன்.

அஞ்சலின் அடிப்படைக் கட்டமைப்பிலேயே இந்தக் கருத்து இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1996இல் வந்த ஆர்எஃப்சி 2046 என்ற இணையத் தர ஆவணம் மல்டிபார்ட் ஆல்டர்நேட்டிவ் என்ற அமைப்பை வரையறுக்கிறது. ஒரே செய்தியைப் பல வடிவில் வைத்து அனுப்பலாம், எளியது முன்னால், செழிப்பானது பின்னால், பெறுகிற செயலி தனக்குப் புரிந்தவற்றில் கடைசியானதை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறது. வெறும் உரை மட்டும் காட்டத் தெரிந்த செயலியும் வெறுங்கையோடு திரும்பாது. முப்பது வருடமாக இருக்கிற இந்த ஏற்பாட்டை மதிக்காமல் உரைப் பகுதியே இல்லாமல் அனுப்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர், எனக்கு அதில்தான் வருத்தம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை, ஆடித் தள்ளுபடிக்கு வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. யாரோ வடிவமைத்துக் கொடுத்தது, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, உச்சியில் அன்னம், பின்னால் மெரூன் நிறம், பார்க்க அவ்வளவு லட்சணம். விலை, உயரம், கடைசித் தேதி, தொலைபேசி எண் எல்லாமே அந்த ஒரே படத்துக்குள். அலுவலகக் கணினியில் திறந்தவர்களுக்குப் படம் தடுக்கப்பட்டு ஒரு வெற்றுச் சட்டம் மட்டும் வந்தது. “லெட்டர்ல ஒண்ணுமே இல்லீங்களே அண்ணே” என்று பதில் வந்த பிறகு கடைக்காரர் என்னிடம் கொண்டுவந்தார். நான் செய்ததில் வித்தை ஒன்றும் இல்லை. விலையையும் உயரத்தையும் தேதியையும் எழுத்தாக்கினேன். ‘ஆர்டர் செய்ய’ என்ற பொத்தானைப் படமாக வைக்காமல், நிறம் கொடுத்த டேபிள் கட்டமாக்கி அதற்குள் இணைப்பை வைத்தேன். படத்துக்கு மாற்றுரையாக ‘அன்னம் வைத்த ஐந்துமுகக் குத்துவிளக்கு’ என்று எழுதினேன். படம் வராத இடத்தில் அந்த வரி வரும். விளக்கு தெரியாவிட்டாலும் விளக்கை வாங்க முடியும். கடைமடைத் தோற்றம் என்று நான் சொல்வது இதைத்தான், ‘மாறாக் காட்சி’ என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை.

தமிழுக்கென்று தனியாக வரும் சிக்கல்களையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆங்கில வழிகாட்டிகளில் இவை கண்ணில் படுவதில்லை. ஆங்கில வார்ப்புருவை எடுத்து அப்படியே தமிழை ஊற்றுகிறோம். அதில் வரி உயரத்தை இறுக்கமாகப் பூட்டியிருப்பார்கள், வேர்டுக்கு ‘இதே அளவுதான்’ என்று தனிக் கட்டளையும் இருக்கும். வேர்ட் சொன்னபடி கேட்டு, அந்த உயரத்துக்கு மிஞ்சியதை வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கோ மேலே ‘கீ’யின் சுழி போகும், கீழே ‘கூ’வின் வால் போகும். மு எது, மூ எது என்பதே கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது, அதை வெட்டினால் ‘மூன்று நாள் மட்டும்’ என்ற வரியைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் கொடுத்து, கடைமடைச் செயலியில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது என் வழக்கம்.

எழுத்துருவும் அப்படித்தான். விண்டோஸில் பழைய கணினி என்றால் லதா, பிறகு விஜயா, அப்புறம் நிர்மலா. ஆப்பிளில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஒவ்வொன்றிலும் எழுத்தின் அகலம் வேறு, வரி முறிகிற இடமும் வேறு. வலை எழுத்துருவை இணைத்தால் ஆப்பிள் மெயில் காட்டும், ஜிமெயில் காட்டாது. நம் சொற்கள் நீளமானவை, ஒட்டு ஒட்டாகச் சேர்ந்து வருபவை, அருகருகே இரண்டு பத்தியாகப் பிரித்த அமைப்பில் ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். தமிழ் அஞ்சலுக்கு ஒரே பத்திதான் நல்லது என்பது என் முடிவு.

இன்னொன்று, எடை. ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டோடு செய்தியை நறுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்க்கத் தனி இணைப்புத் தருகிறது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ‘கொ’ என்று எழுதினால் (எழுத்தும் உயிர்க்குறியுமாக இரண்டு) 6. நடையை எல்லாம் குறிச்சொல்லுக்குள் எழுதி ஏற்கெனவே பருத்த அஞ்சலில் தமிழ் உரையும் சேர்ந்தால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். அடியில் இருக்கும் முகவரியும் ‘இனி அனுப்ப வேண்டாம்’ இணைப்பும்தான் முதலில் காணாமல் போகும்.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். திருச்சி நண்பர் தனிமடலில் இது வட்டாரச் சொல் ஆகாதா என்று கேட்டிருந்தார். கீழ்பவானிக்காரர்களும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனக்காரர்களும் கடைமடை என்றுதான் சொல்கிறார்கள், ஏரிப் பாசனம் உள்ள தென்மாவட்டங்களில் மடை இல்லாத ஊரே கிடையாது, நாளிதழில் வருடா வருடம் வருகிற சொல். அப்படியே வட்டாரச் சொல்லாக இருந்தாலும் என்ன? நாம் எழுதிக்கொண்டிருக்கும் ‘இழை’ தறியிலிருந்து வந்ததுதானே. ‘கடை’ என்றால் மட்டம் என்ற பொருள் ஏறாதா என்று இன்னொருவர் கேட்டார். கடைமடை என்பது இடத்தைக் குறிக்கிறது, அங்கே பயிர் செய்கிறவரைத் தாழ்த்தி யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பழைய கணினியில் அஞ்சல் படிப்பவருக்கும் அந்த மரியாதை வேண்டும், சொல்லிலேயே அது இருப்பதால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

ரெண்டரிங், அதாவது நிரலைத் திரையில் காட்டுவது, என்பதற்கு ‘வழங்கல்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சர்வருக்கு வழங்கி என்று நிலைத்துவிட்டது, ‘வழங்கியிலிருந்து வந்ததைச் செயலி வழங்குகிறது’ என்று எழுதினால் யார் எதைச் செய்தார்கள் என்றே புரியாது. காட்சியாக்கம் போதும். கிளையன்டுக்கு அஞ்சல் செயலி, அதில் யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

விக்கியில் ஏற்ற ஒரு வரைவு: “கடைமடைச் செயலி: பெறுநர்கள் பயன்படுத்தும் அஞ்சல் செயலிகளுள் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வசதிகளை மிகக் குறைவாக ஏற்பது. இது பெறுநர் பட்டியலுக்குப் பட்டியல் மாறும்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். கல்லூரி மாணவர்களுக்கு அனுப்பும் அஞ்சலுக்கும் அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் அஞ்சலுக்கும் கடைமடை வேறு வேறு.

ஈழத்து நண்பர்கள் தங்கள் பக்கம் வாய்க்காலின் கடைசிப் பகுதியை என்ன சொல்லிக் குறிப்பிடுவார்கள் என்று எழுதினால், ஏற்றுவதற்கு முன் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து