மகளுக்கு இந்தப் பாடம் சரிவருமா என்று கேட்ட ஹட்டன் தங்கச்சிக்கு

தங்கச்சி, கனடாவுக்கு வந்து இரண்டு மாதத்துக்குள் ஐ.பி. டிப்ளோமாவுக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு ஆண்டு சர்வதேசப் படிப்பு) பாடம் தெரிவு செய்யச் சொன்னால் தலை சுற்றத்தான் செய்யும். ‘சுற்றாடல் தொகுதிகளும் சமூகங்களும்’ (Environmental Systems and Societies) என்ற பாடம் விஞ்ஞானமா, சமூகக் கல்வியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும்தான். அந்த இரண்டில் எந்தப் பிரிவிலும் அதைக் கணக்கில் எடுப்பார்கள். முன்பு சாதாரண மட்டத்தில் மட்டுமே இருந்தது. 2024இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் உயர் மட்டமும் உண்டு. அதில் சுற்றாடல் சட்டம், பொருளியல், ஒழுக்கவியல் மூன்றும் சேரும். மகளுடைய பாடசாலையில் எந்த மட்டம் நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். மருத்துவம், பொறியியல் கனவு இருந்தால் இரசாயனத்தை விட்டுவிடாதீர்கள்.

லேசான பாடம் என்று சிலர் சொல்வார்கள். என் மகனும் அதை நம்பித்தான் எடுத்தான். அமேசன் காட்டைப் பற்றி முதல் கட்டுரை எழுதினான், புள்ளி சுமார்தான். வேறு என்ன வரும்? அவன் அமேசனைக் கண்டானா?

அடுத்த முறை நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தை எழுதச் சொன்னேன். ‘நேர்ப் பின்னூட்டம்’, அதாவது ஒரு மாற்றம் தன்னைத்தானே மேலும் பெருக்கிக்கொள்வது, என்றால் என்னவென்று எனக்கே அன்றுதான் விளங்கியது. மலைச் சரிவில் தேயிலைச் செடி செத்து இடைவெளி விழுகிறது. அங்கே மழை நேரே மண்ணில் அடிக்கிறது. மேல்மண் கழுவுண்டு போகிறது. பக்கத்துச் செடியும் நலிகிறது. இடைவெளி இன்னும் அகலமாகிறது. கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்ததற்கு என் அம்மா வாங்கிய ஏச்சும் அந்தத் தொகுதிக்குள் அடக்கம் என்று அவனிடம் சொன்னேன். அதையும் எழுதினான்.

உங்கள் மகள் எழுதும்போது கோப்பியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தேயிலைக்கு முன் மலையெங்கும் அது ஒரே பயிர். 1869இல் இலைநோய் தென்பட்டது, இருபது ஆண்டுக்குள் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. பிறகுதான் மலை முழுக்கத் தேயிலை.

மண்சரிவு பற்றி மகளிடம் பக்குவமாகப் பேசுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்சரிவில் புதையுண்டதை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாய் வழி விழும் நீர்) திடீரென்று கலங்கினாலோ, நின்றுபோனாலோ, நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ வெளியேற வேண்டும் என்பது விஞ்ஞானம். அப்படி வெளியேறுகிறவர் போய்த் தங்கச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதது சமூகம். பாடத்தின் பெயரில் இரண்டும் ஏன் ஒட்டியிருக்கின்றன என்று மகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பாட்டி இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார் என்றீர்களே, ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது தொலைபேசியை மகளிடம் கொடுங்கள். பீலி எந்த மாதத்தில் வற்றுகிறது, முன்பு எப்போது வற்றியது என்று அவளே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.