பதவி எதுவும் வகிக்காத ஞாயிறு பள்ளி டீச்சரைப் பற்றி மலரில் என்ன எழுதுவது?

பள்ளத்தூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில் எங்களுடையது ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை. நாற்பது குடும்பம் இருந்தால் அதிகம். வருகிற தை மாதம் எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சருக்காக ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கிறோம், ஒரு மலரும் போடுகிறோம். அவரைப் பற்றிய கட்டுரை என் தலையில் விழுந்திருக்கிறது. கமிட்டியில் ஒரு தாள் கொடுத்தார்கள்: பெயர், பிறந்த ஊர், படிப்பு, வகித்த பொறுப்புகள், பெற்ற விருதுகள். கடைசி இரண்டுக்கும் எழுத ஒன்றும் இல்லை. அவர் டீக்கனாக இருந்ததில்லை, செயலாளராகவும் இருந்ததில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. தையல் தைத்துப் பிழைத்தவர். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அவருக்குப் பெயர் டீச்சர்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டீச்சர் ரங்கூனில் பிறந்தவர். அப்பா அங்கே ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதினார். 1964-இல் பர்மா அரசாங்கம் கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்தது. அப்போதுதான் குடும்பம் கப்பல் ஏறியது. டீச்சருக்குப் பதிமூன்று வயது. இந்தியாவில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே விலாசம் பழைய முதலாளி வீட்டு விலாசம். அப்படித்தான் பள்ளத்தூர் வந்து சேர்ந்தார்கள். அம்மா ரங்கூனிலேயே பாப்டிஸ்ட் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அந்த விசுவாசம்தான் மகளுக்கும்.

டீச்சர் பதினெட்டு வயதில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். போன வருஷம் கண்புரை ஆபரேஷன் நடக்கும் வரை, ஐம்பது வருஷத்துக்கு மேல் நிறுத்தவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே அவர்தான் கற்றுக்கொடுத்தார். இதை எப்படி ஒரு பக்கத்தில் எழுதுவது? அவரிடம் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்களுக்கு நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை மருமகள்:

தம்பி, நானும் டீச்சரிடம் படித்தவள்தான். கல்யாணமாகி தேவகோட்டை வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃபிளானல் போர்டை மறக்காமல் எழுதுங்கள். கடையில் வாங்கியது இல்லை. ஒரு பலகையில் பழைய கம்பளியை இழுத்து ஆணி அடித்திருப்பார். பைபிள் கதையில் வரும் ஆட்களையெல்லாம் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி எடுப்பார். நம் பக்கத்துப் பத்திரிகை அட்டை எவ்வளவு தடிமன் என்று உங்களுக்கே தெரியும். பின்னால் உப்புத்தாள் ஒட்டினால் கம்பளியில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். யோசேப்பின் பலவருண அங்கிக்குக் கண்டாங்கிச் சேலையின் வெட்டுத்துணி, அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது. இன்றைக்கும் யோசேப்பு என்றால் என் மனசில் வருவது கண்டாங்கி கட்டிய பையன்தான்.

அப்புறம் ஞானஸ்நான அங்கி. இதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், பெண்களுக்குத்தான் தெரியும். நம் சபையில் கைக்குழந்தைக்குப் பிரதிஷ்டை ஜெபம் மட்டும்தான், தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, தானாகத் தீர்மானித்து, சபை முன்னால் சாட்சி சொன்ன பிறகுதான் முழுக்கு. முழுகுவதற்கு நம் சீமையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஊரணி குடிதண்ணீர், அதில் யாரும் கால் வைக்கக்கூடாது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் நிறைகிற வரை காத்திருக்க வேண்டும். மழை பொய்த்தால் யாராவது ஒருவர் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிதான்.

வெள்ளை அங்கி தண்ணீரில் இறங்கியதும் குடை மாதிரி உப்பி மேலே வந்துவிடும். முதல் தடவை ஒரு அக்காவுக்கு அப்படி ஆகி, கரையில் நின்றவர்கள் முன்னால் அவர் கூசிப்போனாராம். அடுத்த தடவைக்குள் டீச்சர் தொண்டி மீன்காரரிடம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி, ஒவ்வொரு அங்கியின் ஓரத்திலும் சாண் இடைவெளிக்கு ஒன்றாக மடித்துத் தைத்துவிட்டார். நான் முழுக்கு எடுத்த அன்று அந்தக் குண்டுகள் கணுக்காலில் இடித்துக்கொண்டே இருந்தன. கரையேறியதும் நாலு பேர் சேலையைத் திரையாகப் பிடித்தார்கள். உள்ளே துண்டோடு நின்றவர் டீச்சர்.

பன்னிரண்டு வயதிலேயே எனக்கு முழுக்கு வேண்டும் என்று கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்டீ. தோழி எடுக்கிறாள் என்பதற்காக எடுக்காதே" என்றார். பிள்ளைக் கணக்கைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறவர் இப்படிச் சொல்லமாட்டார்.

ஆச்சி வீட்டுப் பேரன்:

நான் உங்கள் சபை இல்லை. எங்கள் வீட்டில் விபூதி, நகரச் சிவன் கோவில் என்று வளர்ந்தவன். டீச்சர் அப்பா கணக்கு எழுதிய கடை எங்கள் பெரியய்யாவுடையது. சபைக்குச் சொந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் ஞாயிறு பள்ளி நடந்தது எங்கள் வீட்டு முகப்பில்தான்.

எங்கள் அப்பத்தா வாரா வாரம் உள்வாசலில் முறுக்குச் சுற்றிக்கொண்டே கதை கேட்பார்கள். யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளிய கதையைப் பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம். "ஏம்மா டீச்சரு, அந்தப் பய வெளிய வந்தானா இல்லையா, சொல்லிட்டுப் போ" என்று அப்பத்தா விடவில்லை. வீட்டில் இன்னும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எங்கள் வீட்டில் யாரையும் மதம் மாறச் சொல்லி டீச்சர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பத்தா இறந்தபோது மூன்று நாளும் இரண்டாங்கட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஓலைக் கொட்டான் ஒன்று அப்பத்தா கொடுத்தது. சிவப்பும் பச்சையுமாகப் பின்னியது. அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், மதுரை:

நானும் பாப்டிஸ்ட். டீச்சரைத் தெரியாது. ஆனால் கமிட்டி கொடுத்த தாளைத் தள்ளி வைத்துவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் தொற்காள் இறந்ததும் விதவைகள் என்ன செய்தார்கள்? அவளுக்கு என்ன பதவி என்று பேதுருவிடம் சொல்லவில்லை. அவள் தைத்த அங்கிகளைக் காட்டினார்கள். உங்கள் டீச்சரும் தையல்காரர். ஈயக்குண்டு வைத்த அந்த அங்கியைப் படமெடுத்து மலரின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

ரங்கூன் தொடர்பையும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 1813-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளான ஜட்சன் தம்பதி அங்கே போய் இறங்கினார்கள். அதோனிராம் ஜட்சனின் பைபிள் மொழிபெயர்ப்பு எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ஆன் ஜட்சன் பர்மிய மொழியைத் தானே படித்து வினாவிடைப் பாடம் எழுதியதும், தானியேல், யோனா புத்தகங்களை மொழிபெயர்த்ததும் பலருக்குத் தெரியாது. வங்காளத்துச் செராம்பூரில் பாப்டிஸ்ட் மிஷனரி ஹன்னா மார்ஷ்மன் 1800-லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். நம் சபைச் சரித்திரத்தில் இப்படிப் பெண்கள் நடத்திய படிப்பு நிறைய உண்டு. உங்கள் டீச்சரும் அந்த வரிசையில் வருகிறவர்.

இன்னொன்று. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். 1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியதே அதற்குத்தான். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு மிச்சமிருந்த ஒரு நாளில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சரிடம் அப்படி வந்த பிள்ளைகள் யார் யார், எந்த வேலையிலிருந்து வந்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்கலாம் என்று இருக்க வேண்டாம்.

பள்ளத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி சனிக்கிழமை போனேன். மூன்று மணி நேரம் பேசினார்.

ஆச்சி வீட்டு அண்ணனுக்கு: கொட்டான் இருக்கிறது. விளிம்பில் ஓலை பிரிந்த இடத்தில் டீச்சர் நூல் போட்டுத் தைத்திருக்கிறார். புது வருஷ ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் எடுப்போமே, அந்தச் சீட்டுகள் எல்லாம் அதில்தான். அப்பத்தா கேட்டதைச் சொன்னேன். "அடுத்த வாரம் வரைக்கும் எங்க விட்டாக, அங்கனயே நின்னு முழுசாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

அக்காவுக்கு: அங்கிகள் ஏழு இருக்கின்றன. படம் எடுத்துவிட்டேன். குண்டு மட்டும் தெரியவில்லை, தடவிப் பார்த்தால்தான் கைக்குத் தட்டுப்படுகிறது.

வேலைக்குப் போன பிள்ளைகள் யார் என்று கேட்டதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து வருகைப் பதிவேடுகளை எடுத்தார். நோட்டுக்கு நோட்டு அட்டை போட்டு வைத்திருக்கிறார். வராத பிள்ளைக்கு வெறும் கோடு கிடையாது. பக்கத்திலேயே பென்சிலில் காரணம் இருக்கிறது. "ஆத்தங்குடி, கல் பதிக்கிற வேலை." "அப்பா அடித்தது." "சட்டை இல்லை", அதன் கீழே வேறு பேனாவில், "தைத்துக் கொடுத்தாயிற்று."

என் பெயரைத் தேடினேன். மூன்றாம் வகுப்பு வருஷம், வரிசையாக நாலு ஞாயிறு நான் வரவில்லை. "அம்மை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று சங்கீதம் 23 சொன்னான், இரண்டு இடத்தில் தப்பு."

அந்தப் பக்கத்தை அப்படியே மலரில் போடப் போகிறேன்.