அஹ்மத் பாடிக்கு எந்த மெஷர்: ஸ்னாப்பியா, சிஎஃப்மெஷா, ஜிமெஷா?

காற்றோட்டி கேட்டது:
25 டிகிரி பின்சாய்வுள்ள அஹ்மத் பாடி (கார் காற்றோட்டச் சோதனைக்கான எளிய மாதிரி வடிவம்), 1044 மிமீ நீளம், காற்று 40 மீ/வி. ஓப்பன்ஃபோம் என்ற இலவச ஓட்டக் கணிப்பு மென்பொருளில் சிம்பிள்ஃபோம் (நிலையான ஓட்டத்துக்கான தீர்வி), கே-ஒமேகா எஸ்எஸ்டி (கொந்தளிப்பு மாடல்). 16 ஜிபி ரேம் லேப்டாப். இலவசக் கருவிகள் மட்டும். இப்போதைய மெஷர் (காற்று வெளியைச் செல்களாகப் பிரிக்கும் கருவி) ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ், சுருக்கமாக ஸ்னாப்பி. அதில் ஒய் பிளஸ் (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் பரிமாணமற்ற அளவு) 1-க்காக 20 லேயர் (சுவரை ஒட்டிய மெல்லிய செல் அடுக்கு) கேட்டால் பாதிதான் ஏறுகிறது. பின்சாய்வின் ஓரங்களில் ஒன்றுமே இல்லை. மேல் விளிம்பும் மழுங்கிப்போகிறது. ஜிமெஷுக்கு மாறலாமா?

வளைகோடு:
மெஷரை மாற்றும் முன் ஒய் பிளஸை முடிவு செய்யுங்கள். இந்த வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 28 லட்சம், உராய்வுத் திசைவேகம் தோராயமாக 1.5 மீ/வி. ஒய் பிளஸ் 1 என்றால் சுவரிலிருந்து 0.01 மிமீ. மேற்பரப்பு செல் 4 மிமீ இருக்கும்போது 0.01-இல் தொடங்கி 1.2 மடங்காக ஏறினால், 2 மிமீ உயரம் தொடவே 20 லேயர் போய்விடும். அவ்வளவு தட்டையான செல்களை ஸ்னாப்பியின் தரச் சோதனை விடாது, சுருட்டிவிடும்.

வால் ஃபங்க்ஷனுக்கு, அதாவது சுவரருகே ஓட்டத்தை நுண்செல்களுக்குப் பதில் சூத்திரத்தால் கணிக்கும் முறைக்குப் போங்கள். பின்னணி செல் 128 மிமீ கனசதுரம், பாடியில் லெவல் 5 (ஐந்து முறை பாதியாக்கல்), அதாவது 4 மிமீ. ரிலேட்டிவ்சைஸஸ் ட்ரூ (தடிமன் செல் அளவின் மடங்காக), ஃபைனல்லேயர்திக்னஸ் 0.5 (கடைசி லேயர் 2 மிமீ), விரிவு 1.2, 4 லேயர். முதல் லேயர் 1.16 மிமீ, அதன் மையத்தில் ஒய் பிளஸ் 60 வாக்கில் நிற்கும். 5-க்கும் 30-க்கும் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பாதி மாடலாக எடுத்து, பின்னால் 8 மிமீ பெட்டி வைத்தால் மொத்தம் 15–20 லட்சம் செல். 16 ஜிபி தாராளம்.

ஓரங்கள் விஷயம் வேறு, அங்கே தகராறே கோணத்தில்தான். கூரையும் சாய்வும் சேரும் இடத்தில் திருப்பம் 25 டிகிரி. சர்ஃபேஸ்ஃபீச்சர்எக்ஸ்ட்ராக்டில் (விளிம்புகளைப் பிரித்தெடுக்கும் கருவி) எல்லோரும் வழக்கமாகப் போடும் இன்க்ளூடட்ஆங்கிள் 150, திருப்பம் 30-க்கு மேல் உள்ள விளிம்புகளைத்தான் பிடிக்கும். ஆகவே அந்த விளிம்பு பட்டியலிலேயே வராது, ஸ்னாப்பில் (செல்களை மேற்பரப்போடு ஒட்டும் கட்டம்) மழுங்கும். 160 கொடுங்கள். ஆனால் முன்பக்க வளைவின் எஸ்டிஎல் (மேற்பரப்பை முக்கோணங்களால் விவரிக்கும் கோப்பு) முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் அவற்றின் ஓரங்களும் விளிம்பாகிவிடும்; எஸ்டிஎல்லை நுணுக்கமாக ஏற்றுமதி செய்யுங்கள். சாய்வும் பின்முகமும் சேருமிடத்தில் திருப்பம் 65. லேயர் பகுதியில் ஃபீச்சர்ஆங்கிள் (திருப்பம் இதைத் தாண்டினால் லேயர் நிற்கும்) 60 என்று இருந்தால் வெறும் 5 டிகிரி வித்தியாசத்தில் லேயர் அங்கே நின்றுவிடும். 120 ஆக்குங்கள்.

ஹெக்ஸ்பித்தன்:
ஜிமெஷ் வேணாங்க. அதோட பவுண்டரிலேயர் ஃபீல்டு 2டி-க்குத்தான். 3டி-ல எக்ஸ்ட்ரூட் பண்ணி லேயர் எடுக்கலாம், ஆனா மூலைகள்ல நாமளே போராடணும். ஏர்ஃபாயில் மாதிரி 2டி வேலைக்கு அருமை. அப்போ எம்எஸ்எச்2 கோப்பு வடிவத்துல சேமிங்க, ஃபிசிகல் சர்ஃபேஸ், ஃபிசிகல் வால்யூம் (பரப்புக்கும் கன அளவுக்கும் பேர் வைக்கிற வரிகள்) ரெண்டையும் எழுதுங்க. விட்டுட்டா ஜிமெஷ்டுஃபோம் (ஓப்பன்ஃபோமுக்கு மாத்துற கருவி) எல்லா எல்லையையும் டிஃபால்ட்ஃபேஸஸ்ங்கிற ஒரே பேர்ல கொட்டிடும்.

நான் சிஎஃப்மெஷ் பக்கம். அதோட கார்ட்டீசியன்மெஷ் கருவி லேயரை ஸ்னாப்பியைவிட முழுசா போர்த்தும், வேகமும் ஜாஸ்தி. ஒரு தொல்லை: காத்து ஓடுற வெளியோட எல்லை முழுக்க ஒரே மூடின சர்ஃபேஸா வேணும். பெட்டியும் பாடியும் சேர்ந்தே இருக்கணும். பாதி மாடல்னா சமச்சீர் தளத்துல நீங்களே வெட்டணும். சர்ஃபேஸ்ஃபீச்சர்எட்ஜஸுக்கு (சிஎஃப்மெஷோட விளிம்பு பிரிக்கிற கருவி) கோணம் 20 கொடுங்க, அதே 25 டிகிரி சிக்கல் இங்கயும் உண்டு.

காற்றோட்டி:
நன்றி. லேயர் உண்மையில் ஏறியதா என்று பாராவியூவில் (மெஷ்ஷைப் படமாகக் காட்டும் மென்பொருள்) வெட்டிப் பார்ப்பது தவிர வழி உண்டா?

வளைகோடு:
ஸ்னாப்பி லாகின் கடைசியில் ஒவ்வொரு பேட்சுக்கும் (எல்லைப் பரப்பு) சராசரி லேயர் எண்ணிக்கை, தடிமன், சதவீதம் என்று ஒரு அட்டவணை வரும். 4 கேட்டு 3.8 வந்தால் ஓட்டலாம், 2.5 என்றால் திரும்பப் போங்கள். அடுத்து செக்மெஷ் (மெஷ்ஷின் தரம் பார்க்கும் கருவி). நான்-ஆர்த்தோகோனாலிட்டி (செல் மையங்களை இணைக்கும் கோடு முகத்துக்குச் செங்குத்திலிருந்து விலகும் கோணம்) 65 தாண்டினால் கரெக்டர் (திருத்தச் சுற்று) ஒன்றிரண்டு சேர்த்து, லாப்லாசியன் கணக்கீட்டு முறையை லிமிடட் 0.5 ஆக்குங்கள்.

அதற்கு முன், சர்ஃபேஸ்செக்கில் (மேற்பரப்புக் கோப்பைச் சோதிக்கும் கருவி) எல்லைப்பெட்டி 1044 என்று காட்டினால் எஸ்டிஎல் இன்னும் மில்லிமீட்டரில் இருக்கிறது; மீட்டருக்கு மாற்றுங்கள். லொகேஷன்இன்மெஷ் புள்ளியை (எந்தப் பக்கம் மெஷ் வேண்டும் என்று காட்டுவது) முழு எண்ணில் வைக்காதீர்கள், செல் முகத்தின் மேலேயே விழும். -1.0137 மாதிரி கொடுங்கள்.

ஹெக்ஸ்பித்தன்:
இன்னொண்ணு. 25 டிகிரில சாய்வு மேல காத்து பிரிஞ்சு திரும்ப ஒட்டணும். எஸ்எஸ்டி பல நேரம் ஒட்ட விடாம மொத்தமா பிரிச்சுக் காட்டும். அதுக்கு மெஷ்ஷைத் திட்டாதீங்க. 35 டிகிரி மாடலையும் ஒருதடவை ஓட்டுங்க. அங்க முழுசா பிரியறதுதான் சரி, எஸ்எஸ்டி நல்லாவே வரும். அது சரியா வந்தா உங்க மெஷ் அமைப்பு பரவாயில்ல, 25-ல வர்ற வித்தியாசம் மாடலோடது.