சர்வதேச சங்கம் சுகாதாரத் துறையில் எதைச் சாதித்தது?

கேள்வி: வரலாற்று ஆசிரியை, கோண்டாவில்

உயர்தர வகுப்புக்குச் சர்வதேச சங்கம் (முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த League of Nations) படிப்பிக்கிறேன். ஜப்பான் மஞ்சூரியாவையும் இத்தாலி அபிசீனியாவையும் பிடித்தபோது தடுக்க முடியாத தோல்விகளை அடுக்கி முடித்ததும் ஒரு மாணவி, "அப்படியென்றால் இருபது வருடமும் வீண்தானா, டீச்சர்?" என்று கேட்டாள். சுகாதாரப் பிரிவு நன்றாக இயங்கியது என்ற ஒரு வரிக்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளின் மனத்தில் பதியும்படி எதைச் சொல்லலாம்?

பதில்: ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர், வல்வெட்டித்துறை

டீச்சர், சங்கத்தின் தலைமையகம் இருந்த ஜெனீவாவை விட்டுவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து தொடங்குங்கள்.

1925 மார்ச்சில் சங்கத்தின் கீழைத்தேயச் சுகாதார அலுவலகம் அங்கே திறக்கப்பட்டது. கொள்ளைநோய் (பிளேக்), வாந்திபேதி, பெரியம்மை எங்கே கண்டிருக்கின்றன என்று ஆசியத் துறைமுகங்கள் வாராவாரம் அதற்குத் தந்தி அடிக்கும். அலுவலகம் எல்லாவற்றையும் தொகுத்து எல்லோருக்கும் திருப்பி அனுப்பும். கொழும்பும் அந்த வலையில் இருந்தது. சைகோனிலிருந்து வானொலித் தந்தியிலும் செய்தி போனதால் நடுக்கடலில் நின்ற கப்பலும் அதைக் கேட்கலாம்.

இதில் என்ன பெரிய விடயம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் ஊர்ப் பாய்க்கப்பல்கள் ரங்கூனுக்குப் போய் அரிசி ஏற்றிவந்த காலம் அது. அங்கே நோய் இருக்கிறதா என்று தெரியாத துறைமுக அதிகாரி என்ன செய்வார்? பயத்தில் எல்லாக் கப்பலையும் மறிப்பார், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடுவார். மறித்தால் சரக்கும் கூலியும் போகும். விட்டால் ஊருக்குள் நோய் வரும். நிச்சயமான செய்தி கையில் இருந்தால் நோய் கண்ட துறைமுகத்திலிருந்து வருகிற கப்பலை மட்டும் சோதித்தால் போதும். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என்னை வருத்தியது மருந்துப் பஞ்சமல்ல, பிந்தி வந்த அறிவித்தல்தான். அதனால் அந்தத் தந்திகளை எந்த ஒப்பந்தத்தையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

அந்த அலுவலகத்தின் தொடக்கப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்துடையது. அமெரிக்கா சங்கத்தில் சேரவே இல்லை. ஆனாலும் அமெரிக்கப் பணம் வந்தது. இதையும் மாணவிக்குச் சொல்லுங்கள்.

பதில்: மருத்துவர், மானிப்பாய்

ஐயா சொல்வது துறைமுக நோய்களுக்குச் சரி. ஆனால் இலங்கையை உலுக்கிய நோய் கப்பலில் வரவில்லை. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின, நுளம்பு பெருகியது. குருநாகல், கேகாலைப் பக்கம் மலேரியா பரவி, 1935க்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மலேரியா வழக்கமாக இருந்த வறண்ட வலயத்தில் மக்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது; அது இல்லாத இடத்தில்தான் அடி விழுந்தது. பட்டினி கிடந்த உடம்புக்கு மலேரியா மருந்தான கொயினா மட்டும் போதவில்லை. எந்தத் தந்தி இதைத் தடுத்திருக்கும்?

பதில்: ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர், வல்வெட்டித்துறை

தடுத்திருக்காது, டொக்டர். ஆனால் நீங்கள் சொன்ன பட்டினி சங்கத்தாரின் கண்ணில் படாத விடயமல்ல. அவர்களுடைய மலேரியா ஆணைக்குழு 1924இலேயே அமைந்தது. நுளம்பை ஒழித்தால் போதும் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. நோயாளிக்கு மருந்து, வீடு, உணவு, வருமானம் என்று பேசியது. 1937இல் ஜாவாவின் பாண்டுங்கில் கிராமியச் சுகாதார மாநாடு கூடியபோதும் பேச்சு உணவையும் கல்வியையும் பற்றியே போனது. குடியேற்ற அரசுகள் அதற்குக் காசு ஒதுக்கவில்லை என்பதே என் கோபம்.

டீச்சர், ஒரு மனிதரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: லுட்விக் ராய்ஹ்மன், போலந்து நாட்டு நுண்ணுயிரியலாளர். முதல் உலகப் போருக்குப் பின் டைபஸ் காய்ச்சலுடன் போராடிய அனுபவத்தோடு வந்து, 1921 முதல் சுகாதாரப் பிரிவை நடத்தினார். 1939 தொடக்கத்தில் சங்கமே அவரை வெளியேற்றியது. போர் முடிந்ததும் யுனிசெஃப் உருவாக முன்னின்றவரும், அதன் முதல் தலைவரும் அவர்தான். 1926இல் தொடங்கிய வாராந்தத் தொற்றுநோய்ப் பதிவை உலக சுகாதார நிறுவனம் இன்றும் வெளியிடுகிறது. வகுப்பில் ஓர் இதழைத் திறந்து காட்டுங்கள்.