ஆச்சி அறை நிலைக்குப் பட்டியா, மரத்துண்டா?

குழு: பாளையங்கோட்டை வீடு
சனிக்கிழமை மாலை

அருண்: ஆச்சி அறைக் கதவைக் கழற்றியாகிவிட்டது. வாக்கர் இப்போது இடிக்காமல் உள்ளே போகிறது. ஆச்சியே போய் வந்து பார்த்துவிட்டார்கள்.

சித்ரா அக்கா: அப்பாடா! ஒரு கதவை எடுத்ததில் அவ்வளவு வித்தியாசமா?

அருண்: நிலைக்குள் அளந்தால் இரண்டரை அடி, 30 அங்குலம். பக்கத்தில் அலமாரி இருப்பதால் கதவு சுவர் வரைக்கும் போய் ஒட்டாது. கதவின் கனமே ஒன்றேகால் அங்குலம். அதற்கு மேல் தாழ்ப்பாளும் கைப்பிடியும் வழியில் நீட்டிக்கொண்டு நின்றன. வாக்கரைப் பிடித்த கை அதில்தான் உரசிக்கொண்டிருந்தது.

அம்மா: விரல் மூட்டில் தோல் உரிந்து கிடந்தது. கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள்.

அருண்: (படம்) நிலை இப்போது இப்படி இருக்கிறது. கீல் இருந்த இடத்தில் மூன்று பள்ளம். எதிர்க்காலில் பூட்டு நாக்கு போகிற ஓட்டை. மேல்கட்டையில் தாழ்ப்பாள் துளை. பெயிண்ட் அடிக்கிறவர் பட்டி வைத்து நிரப்பிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்கிறார். சரி என்று சொல்லிவிடவா?

ராஜி சித்தி: சொல்லிவிடு. எங்கள் வீட்டில் சுவருக்கு வாங்கிய பட்டி மிச்சம் கிடக்கிறது, கொடுத்து விடுகிறேன்.

முத்து மாமா: பொறு மருமகனே. சொல்லிவிடாதே. அந்த நடுக் கீல் பள்ளத்தைப் பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்துப் போடு.

அருண்: (படம்)

முத்து மாமா: அதற்கு மேலே பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிகிறது பார். என் அம்மா, உன் ஆச்சி, உள்ளே நுழையும்போது பிடித்துக்கொள்கிற இடம் அது. இத்தனை நாள் கதவு மறைத்துக்கொண்டிருந்ததால் நிலையின் அந்தப் பக்கம் கை முழுசாகப் போகவில்லை. இனிமேல் நேராக அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் கை விழும். அங்கே பட்டி வைத்தால் நிற்காது.

ராஜி சித்தி: ஏன் அண்ணே நிற்காது? சுவரில் நிற்கிறதே.

முத்து மாமா: சுவர் அசையாது ராஜி, மரம் அசையும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் மாறும். சுவர்ப் பட்டி வெள்ளை சிமெண்டில் செய்தது, அது கூடவே போகாது. ஒரு மழைக்காலம் போனால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். கீல் பள்ளம் ஆழமும் இல்லை, ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஒரு பக்கம் திறந்து வேறு கிடக்கிறது. கை அழுத்த அழுத்தப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். அடியில் இருக்கிற மர விளிம்பு கூராக வெளியே வரும். வயதானவர்கள் கையில் ஒரு சிலாம்பு ஏறினால் ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகும்? அவர்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

அம்மா: ஐயோ, பட்டி வேண்டவே வேண்டாம்.

கார்த்தி: அப்பா, எம்சீல் வைத்தால்? கல் மாதிரி இறுகிவிடுமே.

முத்து மாமா: இறுகும், அதுதான் சங்கடம். பக்கத்து மரத்தை விடக் கெட்டியாகிவிடும். உப்புத்தாள் போட்டால் மரம் தேயும், அது தேயாமல் மேடாக நிற்கும். இழைப்புளி போட்டால் அலகு போய்விடும். சின்ன முனை உடைந்த இடத்துக்கு வைக்கலாம், நான்கு அங்குலப் பள்ளத்துக்கு வைக்கிற பொருள் இல்லை.

ராஜி சித்தி: ஆசாரிமார் மரத்தூளும் ஃபெவிக்காலும் குழைத்து மக்கு வைப்பார்களே, அதுவுமா ஆகாது?

முத்து மாமா: அது ஆகும். ஆனால் ஆணித் துளைக்கும் இடுக்குக்கும்தான். பள்ளத்துக்கு மரம்தான் வைக்க வேண்டும். மருமகனே, கவனமாகக் கேள், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் திருகாணித் துளைகள். மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிக்காலில் தோய்த்து ஒவ்வொன்றிலும் இறுக அடித்து மட்டமாக வெட்டிவிடு. அப்புறம் பள்ளத்துக்குள் இருக்கிற பழைய பெயிண்ட், அழுக்கு எல்லாவற்றையும் உளியால் சுரண்டி வெறும் மரம் தெரிய வேண்டும். பெயிண்ட் மேல் பசை பிடிக்காது. மூலைகளை நேராக வெட்டிக்கொள். அந்த அளவுக்கு ஒரு தேக்குத் துண்டை அறுத்துக்கொள். இதில்தான் கவனம் வேண்டும்: துண்டின் ரேகை நிலைக்காலின் ரேகையோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் நிலை ஒரு பக்கம் இழுக்கும், துண்டு ஒரு பக்கம் இழுக்கும், ஒட்டு விட்டுப்போகும். கனம் பள்ளத்தை விடக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும். குறைந்துவிட்டால் சரிசெய்ய முடியாது, கூட இருந்தால் இழைத்துக்கொள்ளலாம்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் இரண்டு பக்கத்தையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடு. ஃபெவிக்காலை மெல்லியதாகத் தடவி, துண்டை வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒரு சட்டமும் வைத்துக் கிளாம்பில் இறுக்கு. மறுநாள் வரைக்கும் தொடாதே.

அருண்: கிளாம்பு இல்லை மாமா.

முத்து மாமா: நான் கொண்டு வருகிறேன். நாளைக்குக் காலை தென்காசியிலிருந்து முதல் பஸ். உளி, கொட்டாப்புளி, சின்ன இழைப்புளி எல்லாம் பையில் எடுத்து வைத்தாகிவிட்டது.

அம்மா: வா வா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சந்தோஷம்.

கார்த்தி: அருண் அத்தான், அப்பா ஐ.டி.ஐ-யில் பாடம் எடுத்தது இப்படித்தான். மறுநாள் கேள்வி கேட்பார்.

சித்ரா அக்கா: மாமா, ஒரு யோசனை. வேலை என்று ஆரம்பித்தாயிற்று, பழைய பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலிஷ் போட்டால் என்ன? தாத்தா பர்மா தேக்கு போட்டதாகச் சொல்வார்களே.

முத்து மாமா: பர்மா இல்லை சித்ரா, நாட்டுத் தேக்குதான். செங்கோட்டையில் அறுத்துக் கொண்டு வந்தபோது நானும் வண்டியில் வந்தேன். நல்ல மரம்தான், ஆனால் இப்போது சுரண்ட வேண்டாம். 1984-இலிருந்து அடித்த பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கிறது. அந்தக் காலத்து எனாமலில் ஈயம் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முழு நிலையையும் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் அம்மா படுக்கிற அறையில்தான் பறக்கும்.

சித்ரா அக்கா: சரி மாமா, விட்டுவிடுவோம்.

முத்து மாமா: ஒட்டுப் போடுகிற இடத்தைக்கூட நனைத்துத்தான் தேய்க்கப் போகிறோம். வேலை நடக்கும்போது அம்மா முன்னறையில் இருக்கட்டும். முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக் கூடாது.

அருண்: பூட்டு நாக்கு ஓட்டை ஆழமாக இருக்கிறது மாமா. விரல் போகிறது.

முத்து மாமா: அதற்கும் மரக்கட்டைதான். சதுரமாக வெட்டி, பசை தடவி உள்ளே அடித்துவிடலாம். மேல்கட்டைத் தாழ்ப்பாள் துளைக்கு மக்கு போதும், யார் கையும் அங்கே போகப் போவதில்லை. ஒரு வேலை செய், கரையான் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு. நிலைக்காலின் அடியில், தரையிலிருந்து ஒரு அடி வரைக்கும் திருப்புளிப் பிடியால் தட்டிக்கொண்டே போ. சத்தம் பொத்தென்று கேட்டால் சொல்.

அருண்: தட்டிப் பார்த்தேன். ஒரே மாதிரி கெட்டியாகக் கேட்கிறது. மண் கோடும் எங்கும் இல்லை.

முத்து மாமா: நல்லது.

ராஜி சித்தி: கதவு உட்கார்ந்திருந்த அந்தக் காடி அப்படியே படி மாதிரி தெரியுமே அண்ணே. ஒரு ரீப்பர் அடித்து மூடிவிட்டால் பார்க்க நன்றாக இருக்காதா?

முத்து மாமா: மூட வேண்டாம். பிற்பாடு யாராவது அந்த அறையில் கதவு மாட்ட நினைத்தால் அந்தக் காடிதான் கதவைத் தாங்கி நிறுத்தும். கீலுக்குப் புதுப் பள்ளம் வெட்டிக்கொள்ளலாம், காடி திரும்பக் கிடைக்காது. அதன் முனையை மட்டும் கை படுகிற உயரத்துக்கு மழுக்கிவிடுவோம். பிடிப்பதற்கும் இதமாக இருக்கும்.

அருண்: கதவை மொட்டை மாடிக்குப் போகிற படியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

முத்து மாமா: சாய்த்து வைத்தால் கோணிக்கொள்ளும் மருமகனே. வெயில் படாத இடத்தில், மூன்று கட்டையை ஒரே மட்டமாக வைத்து, அதன்மேல் படுக்கப் போடு. சிமெண்டுத் தரையில் நேராகப் படக் கூடாது, ஈரம் ஏறும். கீலையும் திருகாணியையும் ஒரு துணியில் முடிந்து அந்தக் கதவிலேயே கட்டி வை. பித்தளைக் கீல், இந்தக் கனத்தில் இப்போது வாங்கப் போனால்தான் அருமை தெரியும்.

சித்ரா அக்கா: அறைக்குத் திரை போட வேண்டாமா? ஆச்சி உடை மாற்ற வேண்டும்.

அம்மா: போட வேண்டும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முத்து மாமா: போடலாம். தரையைத் தொடாமல், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி தைக்கச் சொல். நீளமாக இருந்தால் வாக்கர் காலில் சுற்றிக்கொள்ளும். கம்பியை நிலையில் அடிக்காதே, மேலே சுவரில் அடி.

புதன்கிழமை இரவு

அருண்: (படம்) (படம்) முடிந்தது. மூன்று துண்டும் இழைத்து, 80, 120, 220 உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, இன்று எனாமலும் ஒரு கோட் ஆகிவிட்டது. நகத்தால் வருடிப் பார்த்தால்கூட ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. ஆச்சி நடு இடத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்து செய்ததா என்று கேட்டார்கள்.

முத்து மாமா: நீ செய்தது என்று சொல். நான் முதல் துண்டுதான் வைத்தேன்.

ராஜி சித்தி: அண்ணே, எங்கள் அத்தையும் அடுத்த மாதம் சக்கர நாற்காலியில்தான் வரப் போகிறார்கள். அவர்கள் அறை நிலையும் இரண்டரை அடிதான். கதவைக் கழற்றினால் போதுமா?

முத்து மாமா: நாற்காலியின் அகலத்தைச் சக்கர வளையத்தோடு சேர்த்து அளந்து சொல். நிலையையும் அடி, நடு, மேல் மூன்று இடத்தில் அள. சின்ன அளவுதான் கணக்கு. நாற்காலிக்கு இரு பக்கமும் கை போக ஒன்றரை அங்குலமாவது மிஞ்ச வேண்டும். அடியில் நிலைப்படிக் கட்டை இருக்கிறதா?

ராஜி சித்தி: இருக்கிறது, ஒரு அங்குல உயரம்.

முத்து மாமா: அப்படியென்றால் கதவை விட அந்தக் கட்டைதான் முதல் வேலை. படம் அனுப்பு, பார்க்கலாம்.